இடது கைக்கு ஆறு வாரம் விடுப்பு

மார்ச் 6

வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள். சோபாவில் மூன்று தலையணைகளுக்கு நடுவே என்னைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள், உடையும் சாமானை அட்டைப்பெட்டியில் அடுக்குவது போல. இடது காறை எலும்புக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்குக் கட்டு. அதற்குள் பேஸ்மேக்கர். தீப்பெட்டியைவிடச் சின்னது என்றார் டாக்டர். சுமப்பவளுக்குத்தான் தெரியும், அது செங்கல்.

போன வாரம் சமையலறையில் மயங்கி விழுந்தேன். நாடி பார்த்தார்கள், நிமிடத்துக்கு முப்பத்து நான்கு. ஐம்பத்து மூன்று வயதில் யாரைக் கேட்டு என் இதயம் இப்படிப் பாதி நேர ஓய்வு எடுத்துக்கொண்டது என்று தெரியவில்லை. இப்போது அறுபதுக்குக் கீழே இறங்கவிடாமல் உள்ளே ஒருவன் உட்கார்ந்து விரட்டிக்கொண்டிருக்கிறான். நல்லவன்தான். இடத்தைத்தான் தப்பாகப் பிடித்துவிட்டான்.

அது என் தப்பு. எழுதியே ஆக வேண்டும். அறுவைக்கு முன் டாக்டர், எந்தக் கையால் வேலை செய்வீர்கள் என்று கேட்டார். வலது என்றேன். எழுதுவது, காய் நறுக்குவது, பூட்டுத் திறப்பது எல்லாம் வலதுதானே. அப்படியானால் இடது பக்கம் வைத்துவிடலாம், தொந்தரவு இருக்காது என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைக் கட்டிய பிறகுதான் உறைத்தது. நான் பிழைப்பு நடத்துவதே இடது கையால்! வாயெடுப்பதற்குள் கீறிவிட்டார்கள்.

பதினொரு வருஷமாக மாலை ஏழு மணிச் செய்தியில், திரையின் மூலையில் ஒரு வட்டத்துக்குள் நின்று சைகை மொழியில் செய்தி சொல்கிறவள் நான். அந்த மொழி எனக்கு என் வீட்டுக்காரரிடமிருந்து வந்தது. அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கல்யாணத்துக்கு முன் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அவருடைய வலது கை எனக்கு எதிரே இடது பக்கம்தானே இருக்கும்? அப்படியே படிந்துவிட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் வலது கைக்காரி, பேசுவதற்கு மட்டும் இடது. யாருக்கும் புரியாமல் போனதில்லை. அவர் மட்டும் முப்பது வருஷமாகக் கேலி செய்கிறார், நான் கண்ணாடிக்குள் இருந்து பேசுகிறேனாம். அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், எதிலும் கண்ணாடிதான் அவருக்கு.

(இந்த நோட்டில் அவர் கையால் சொல்வதையெல்லாம் பேச்சாகவே எழுதுகிறேன். சைகையில் நீ, நீங்கள் எல்லாம் ஒரே விரல்தான். மரியாதை நோட்டில் மட்டும்.)

மார்ச் 7

இன்னொரு தப்பும் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், மனசு லேசாகட்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஆறு வாரம் இடது முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, தூக்கினால் உள்ளே இருக்கும் ஒயர் நகர்ந்துவிடும். மற்றபடி கையை மெதுவாக அசைத்துக்கொண்டே இருக்கலாம். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, என்ன சொல்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று என் முகத்தையே பார்த்தார். தோளுக்கு மேலே தூக்காதே என்பதைக் கையால் சொல்ல வேண்டுமென்றால் கையைத் தோளுக்கு மேலே தூக்கித்தான் காட்ட வேண்டும். இடது கைக்கு அனுமதி இல்லை. வலது கையில் மாத்திரைப் பையும் காகிதக் கட்டும். இரண்டு விரலை நீட்டி, சுருக்கமாக, "இடது கை, அசைக்காதே" என்று முடித்தேன். விவரம் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான்.

வீட்டுக்கு வந்தால் ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, மடித்து, ஓரம்கூடத் தைத்து, என் கையை உடம்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். முடிச்சைப் பின்னால் போட்டிருக்கிறார், நானே அவிழ்க்க முடியாதபடி. கட்டி முடித்துவிட்டு அவர் முகத்தில் இருந்த நிம்மதி — விவரத்தை அவரிடம் நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 8

புண்ணைச் சுற்றி அரிக்கிறது. சொறியக் கூடாது. இன்று வேறு செய்தி இல்லை.

மார்ச் 10

காது கேட்காத புருஷன் இருப்பதில் ஒரு சௌகரியம், வலித்தால் வாய்விட்டு முனகலாம். யாரும் ஓடிவர மாட்டார்கள், யாரையும் பயமுறுத்தின பாவமும் இல்லை. காலையில் ராகம் போட்டு முனகிக்கொண்டிருந்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தார். திரும்பினார். அவ்வளவுதான், முகத்தைப் பார்த்ததும் மாத்திரை வந்துவிட்டது. குரலை ஏமாற்றலாம் போலிருக்கிறது, மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

வலது கை ஒன்றை வைத்துக்கொண்டுதான் பேச்சு. அதுவும் பழக்கமில்லாத கை. "தலையணை. இன்னொண்ணு. அது இல்ல. அது." தந்தி அடிக்கிற மாதிரி. நான் ஒரு வாக்கியத்தைத் தேடிக் கோர்ப்பதற்குள் அவர் நாலு விஷயம் சொல்லிவிடுகிறார். கடைசியில் நெஞ்சில் கைவைத்து, பரம திருப்தியோடு, "முப்பது வருஷத்துல இப்பத்தான் நான் பேசி முடிக்கிறேன்" என்றார். சிரித்ததில் தையல் இழுத்தது.

மார்ச் 13

புண் கட்டைப் பிரித்தார்கள். புண் ஆறிவருகிறது, நீலமும் மஞ்சளுமாக ஒரு வரைபடம் மாதிரி. இனி உள்ளாடைப் பட்டைதான் எதிரி. சரியாக அந்த மேட்டின் மேலேயே வந்து உட்கார்கிறது. வெறுத்துப்போய் இன்று அதைப் போடவே இல்லை. மகள் வீடியோவில் வந்தாள். எங்கள் வீட்டில் அவள் பெயர் சுருட்டை, தலைமுடிக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றினால் அவள்தான். பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சைப் பாதியாக வெட்டிப் பட்டைக்குக் கீழே வைக்கச் சொன்னாள். அற்புதம். ஆஸ்பத்திரி இத்தனை காகிதம் கொடுத்ததே, இதை ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

அப்புறம் அவள் கண்ணில் கையின் கட்டுப் பட்டுவிட்டது.

"கையை எதுக்கும்மா கட்டி வெச்சிருக்கு?"

"அப்பா உத்தரவு."

"கையைக் கொஞ்சம் ஆட்டிக்கிட்டே இருக்கணும்னு சொல்லுவாங்களே?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். பெற்ற பெண்ணிடம் பொய். டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. பின்னே ஏன் இன்னும் அவரிடம் சொல்லவில்லை?

மார்ச் 17

இன்று துணிந்து ஏழு மணிச் செய்தி பார்த்தோம். என் வட்டத்துக்குள் வேறொரு பெண். சரியாகத்தான் செய்தாள். ஒரு தப்புக்கூட இல்லை, நானும் உற்று உற்றுப் பார்த்துவிட்டேன். வயிறு எரிந்தது. அவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், அலட்சியமாகக் கேட்பது போல.

"நல்லாத்தான் இருக்கு. சுவரொட்டியப் படிக்கிற மாதிரி."

ஒரு மணி நேரம் உற்சாகமாக இருந்தேன். நல்ல புத்தி இல்லைதான்.

தயாரிப்பாளர் போன் செய்தார். ஏப்ரல் பதினைந்தாம் தேதி வந்து நின்றால் போதும், இடம் உங்களுடையதுதான் என்றார். நல்ல மனிதர். ஆனால் "வந்து நின்றால்" என்று சொன்னதை இரண்டு தடவை நினைத்துப் பார்த்தேன்.

மார்ச் 24

மல்லாக்கப் படுத்தே தூங்குவது எப்படி என்று யாராவது வகுப்பு எடுத்தால் சேர்ந்துகொள்வேன். இடது பக்கம் திரும்பினால் செங்கல் குத்துகிறது. வலது பக்கம் திரும்பினால் அது சரிந்து தொங்குகிற மாதிரி ஒரு உணர்வு.

பகலில் ராஜபோகம். சட்டைப் பொத்தான் போடுவது அவர், தலை வாருவது அவர். லென்ஸ் தேய்க்கிற கை அல்லவா, வகிடு அளவுகோல் வைத்துப் போட்டது போல இருக்கிறது. கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போகிறார், ஒரு மணி நேரம் சீக்கிரம் வருகிறார். முதலாளி முணுமுணுக்கிறாராம், இவருக்குத்தான் கேட்காதே.

உண்மையை எழுதுகிறேன். முதலில் சோம்பலில் சொல்லவில்லை. அப்புறம் சுகமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை. இப்போது பயம். கையைக் கொஞ்சம் அசைத்தாலும் ஒயர் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்று தோன்றுகிறது. கட்டுக்குள் கை பத்திரமாக இருக்கிறது. கோர்ட்டில், ஆஸ்பத்திரியில், போலீஸ் ஸ்டேஷனில் எத்தனை பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். சொந்த வீட்டில் ஒரு தப்பு மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு மூன்று வாரமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

ஏப்ரல் 2

குளிக்கக் கட்டை அவிழ்த்தார். கை அவிழவில்லை. உடம்போடு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. சோப்பு எடுக்க நீட்டினேன், தோளுக்குள் யாரோ கதவைத் தாழிட்டது போல இருந்தது. அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 13

ஆறு வாரம் முடிந்தது. பரிசோதனை. பேஸ்மேக்கர் முதல் மதிப்பெண் வாங்கிவிட்டது. ஒயர் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. இனி கையைத் தாராளமாகத் தூக்கலாம் என்றார் டாக்டர், தூக்கிக் காட்டச் சொன்னார்.

மார்பு உயரத்துக்கு மேலே வரவில்லை. டாக்டர் தன் கையால் தூக்கிப் பார்த்தார். கத்திவிட்டேன்.

"யாரும்மா உங்களக் கையை அசைக்கவே கூடாதுன்னு சொன்னது? தோள் இறுகிப் போச்சே!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் அவர் நின்றுகொண்டு, வழக்கம்போல, என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறார். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. டாக்டர் கேட்டதை அப்படியே சொன்னேன். கூடவே, வலது கையால் தட்டுத்தடுமாறி, மிச்சத்தையும் சொன்னேன். தோளுக்கு மேல தூக்காதேன்னுதான் அன்னைக்குச் சொன்னாங்க. நான்தான் உங்ககிட்ட அசைக்காதேன்னு சொல்லிட்டேன். ஆறு வாரமா தெரிஞ்சும் சொல்லல.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "எனக்கும் தெரியும்" என்றார். "ஆஸ்பத்திரி பேப்பர்ல படமே போட்டிருக்கு. வந்த அன்னைக்கே படிச்சேன்."

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன சொல்றாரு?" என்றார்.

"இனிமே பாத்துக்கறேங்கறார்" என்றேன். பச்சைப் பொய்.

ஏப்ரல் 14

நேற்று வழி முழுக்க அவர் பஸ் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். பேச மாட்டேன் என்பதற்கு அவருடைய வழி அது. இன்று காலை தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, தானாகவே ஆரம்பித்தார்.

"நீ விழுந்த அன்னைக்கு நான் முன் அறையில உக்காந்து செருப்புக்கு மெருகு போட்டுக்கிட்டிருந்தேன். முதுகு உன் பக்கம். பாத்திரம் விழுந்திருக்கும், நீ கத்திக்கூட இருப்ப. தொட்டியில தண்ணி நிரம்பி வழிஞ்சு, அங்கேயிருந்து இங்க வரைக்கும் வந்து, என் காலைத் தொட்டுச்சு. அப்பத்தான் திரும்பினேன். அதுக்கு முன்னாடி நீ எவ்வளவு நேரம் கிடந்தேன்னு எனக்கு இன்னும் தெரியல."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"கட்டிப் போட்டா நீ எங்கேயும் போயிட மாட்டேன்னு ஒரு நெனப்பு. முட்டாள்தனம்தான். தெரிஞ்சேதான் கட்டினேன்."

அழுதேன். ஐயோ, இந்த மனுஷன் ஆறு வாரமா இதை உள்ளே வெச்சுக்கிட்டா எனக்குத் தலை வாரி விட்டுக்கிட்டிருந்தாரு? நானும் ஒரு ஜென்மம், ராஜபோகம் ராஜபோகம்னு எழுதிக்கிட்டு — போதும்.

மத்தியானம் தயாரிப்பாளருக்குப் போன் செய்தேன். நாளைக்கு வந்து நிற்க முடியாது என்றேன். மே பதினொன்று வரை பார்க்கிறேன், அதற்கு மேல் என்னால் இழுக்க முடியாது, அந்தப் பெண்ணுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும் என்றார். நியாயம்தான். நாலு வாரம் இருக்கிறது.

ஏப்ரல் 16

பிசியோதெரபி. சொல்லிக்கொடுக்கும் பெண் பார்க்க ரொம்ப சாது, பிடி மட்டும் இரும்பு. சுவரைப் பார்த்து நின்று, விரல்களைப் பூச்சி ஏறுவது போலச் சுவரில் மேலே மேலே நடத்த வேண்டும். தினம் மூன்று வேளை.

அவர் நல்ல பேனா ஒன்றும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கட்டுப் போட்டவரே இப்போது அளவெடுக்கிறார். நான் எட்டிய இடத்தில் மயிரிழைக் கோடு, பக்கத்தில் தேதி. பெயிண்ட் அடித்து ஒரு வருஷம்கூட ஆகாத சுவர்.

செய்தியில் எனக்குப் பெரிய சவால் வானிலை. மற்றதெல்லாம் நெஞ்சு உயரத்திலேயே முடிந்துவிடும். மழை என்றால் இரண்டு கையும் தலைக்கு மேலிருந்து இறங்க வேண்டும். இன்று முயன்று பார்த்தேன். வலது பக்கம் வானத்திலிருந்தும் இடது பக்கம் மார்பிலிருந்தும் பெய்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, எந்த ஊர்ல இந்த மழை என்று கேட்டார்.

ஏப்ரல் 21

வலி. வலி. வலி. இன்னைக்குச் சுவத்துக்கிட்டப் போகவே மாட்டேன்னுட்டேன். போய் நின்னேன். நேத்துப் போட்ட கோட்டுக்குக் கீழதான் எட்டுது. கீழ! இதுக்கா இத்தனை பாடு? அந்தப் பொண்ணே இருந்துட்டுப் போகட்டும் அந்த வட்டத்துல. எனக்கென்ன.

மாலை

மதியம் அவரிடம், வலது கையையே பேச்சுக் கையாக மாற்றிக்கொள்ளவா என்று கேட்டேன். கஷ்டம்தான், ஆனால் கற்றுக்கொள்ளலாம்.

"கத்துக்கோ, சொல்லித் தரேன். ஆனா அது வேற யாரோ பேசற மாதிரி இருக்கும்."

சுவரிடம் திரும்பிப் போனேன். பழைய கோட்டை எட்டினேன். தாண்டவில்லை, எட்டினேன்.

ஏப்ரல் 28

மூக்கு உயரம். சுருட்டையிடம் வீடியோவில் சுவரைக் காட்டினேன். சின்ன வயதில் அவள் உயரத்தைக்கூட அப்பா இப்படிக் கோடு போட்டு வைக்கவில்லையே என்று குறைப்பட்டாள். கேட்டதை அவரிடம் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். மனுஷர் முகம் தொங்கிப்போய்விட்டது. அடுத்த தடவை அவள் வரும்போது நிற்க வைத்து அளக்கப் போகிறாராம். அவளுக்கு வயது இருபத்தேழு.

மே 5

நெற்றி. மீன் முள் மாட்டியது போல ஒரு இடத்தில் குத்துகிறது, ஆனால் தாண்டிவிடுகிறது. ஒரு நாளைக்குப் பல மணி நேரம் பேஸ்மேக்கர் இருப்பதே மறந்துபோகிறது. ஸ்பாஞ்சும் வைப்பதில்லை.

மே 10

நாளைக்கு. தயாரிப்பாளரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேனோ? தலைக்கு மேல் முழுசாக இன்னும் போகவில்லை. திணறினால் ஊரே பார்க்கும். அந்த வட்டத்தைப் பார்க்கிறவர்கள் கையைத்தான் பார்ப்பார்கள், வேறு எதைப் பார்ப்பார்கள்?

அவர் நாளை சீக்கிரம் வந்து டிவி முன்னால் உட்காரப் போகிறாராம். கண்ணாலேயே அளந்து, கை எத்தனை அங்குலம் குறைகிறது என்று சொல்வாராம். சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள்.

மே 11

நிலைய வாசலில் பாதுகாப்புக் கதவருகே பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டினேன். காவலாளி பயபக்தியோடு பக்கவாட்டு வழியாக விட்டார், அமைச்சரைப் போல. அந்தப் பெண் வந்திருந்தாள். எனக்காக உயரமான ஸ்டூலை எடுத்து ஓரமாகப் போட்டு, முடியலைன்னா சொல்லுங்கக்கா, நான் இங்கேயே நிக்கறேன் என்றாள். அவளைப் பற்றி நான் எழுதி வைத்ததையெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது.

முதல் ஐந்து நிமிடம் என் கையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு பாலம் இடிந்த செய்தி, தேர்வு முடிவு, ஒரு நீளமான வழக்கு. மும்முரத்தில் என்ன செய்தேன் என்றே நினைவில்லை. கடைசியில் வானிலை. இன்று இரவு பலத்த மழை பெய்யக்கூடும் என்று காதில் வந்தது. இரண்டு கையும் போயின. இடது கை எது வரை போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. தோளில் குத்தியது மட்டும் தெரியும்.

அவர் சொல்லட்டும் என்று வேகமாக வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தால் வீடு முழுக்க ஈரத்துணி. நாற்காலியில், ஜன்னலில், சோபாவின் முதுகில். அவர் ஒரு போர்வையைத் தூக்கிக் கதவின் மேல் போட்டுக்கொண்டிருந்தார். பார்த்தீங்களா என்று கேட்டேன். இரண்டு கையிலும் போர்வை, பதில் சொல்ல முடியவில்லை. அதைப் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் திரும்பினார்.

"மழைன்னு சொன்னியே. துணி அத்தனையும் மாடியில கிடந்துச்சு. ஓடினேன். அதுக்கப்புறம் பாக்கல."

"சரி. கை எப்படி இருந்துச்சு?"

"எந்தக் கை?"

நான் அவரையே பார்த்தேன். அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டார். கவனிக்கவே இல்லையாம். பலத்த மழை என்றதும் எழுந்துவிட்டாராம்.

மணி ஒன்பதரை. வெளியே ஒரு பொட்டு மழை இல்லை, வானத்தில் நட்சத்திரம் தெரிகிறது. ஈரப் போர்வை வாசனையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். துணியை மறுபடி மாடிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார். வேண்டாம், இருக்கட்டும் என்று சொன்னேன்.